ஒத்தை ஆளாக ஒரு டென்மார்க்

தரங்கம்பாடிக்கு என்று யாரும் கிளம்பிப் போவதில்லை. திருக்கடையூரில் யாருக்காவது அறுபதாம் கல்யாணம் இருக்கும், அதற்குப் போவார்கள். விடியற்காலையில் ஹோமம், தம்பதி தலையில் கலசத் தண்ணீர், தாலி, மாலை, அட்சதை, டிபன் என்று எல்லாம் முடிந்தும் மணி ஒன்பதரைதான் ஆகியிருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கிடக்கும். "இங்கேருந்து ஏழெட்டு கிலோமீட்டர்ல ஏதோ கோட்டை இருக்காமே" என்று கூட்டத்தில் ஒருவர் ஆரம்பிப்பார்.

எங்கள் கூட்டத்தில் ஆரம்பித்தது கல்யாண மாப்பிள்ளையேதான். என் தாய்மாமா. தலை இன்னும் ஈரம் காயவில்லை, பட்டு வேட்டியில் மஞ்சள் கறை. "என்னங்க, போட்டோக்காரர் காத்துக்கிட்டு இருக்கார்" என்றார் அத்தை. "அவர் என்ன, 30 வருஷம் முன்னாடி கட்டின தாலியை இப்ப புதுசா எடுக்கப் போறாரா? அரை மணில வந்துடறோம். மாப்ள, ஆட்டோவைக் கூப்பிடு" என்று மாமா செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். (அரை மணி என்பது குடும்ப வழக்கு. மூன்று மணி நேரம் ஆனது.)

சாப்பாட்டுக்கு நடுவே கிடைத்த இடைவேளையில் ஒரு ஊரைப் பார்க்கப் போகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சம். அது தேவையே இல்லை என்று பிறகு தெரிந்தது. 400 வருஷமாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்த பெரிய மனிதர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு எங்கேயோ போகக் கிளம்பியவர்கள். ஏமாந்து வந்தவர் உண்டு, கப்பல் உடைந்து வந்தவர் உண்டு, ஆபீஸில் கடைசி நிமிஷத்தில் டிரான்ஸ்ஃபர் மாற்றிப் போட்டதால் வந்தவரும் உண்டு. இடம் மாறிப் போச்சு என்று ஒருவர்கூட ஒத்துக்கொள்ளவில்லை. கோட்டையைக் கட்டிவிட்டார்கள்.

"அலைகள் பாடும் ஊர் சார், அதான் தரங்கம் பாடி" என்றார் ஆட்டோக்காரர். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! தரங்கம் என்றால் அலை, பாடி என்றால் பாடுவது, சரிதானே? சரியென்றால் வாணியம்பாடியில் வாணி பாட வேண்டும், காட்பாடியில் காடு பாட வேண்டும், ஆய்ப்பாடியில் மாடுகள் கச்சேரி செய்ய வேண்டும். பாடி என்றால் வெறும் குடியிருப்பு. அதுவும் போகட்டும். கடற்கரையில் இருக்கிறதே மாசிலாமணிநாதர் கோயில், அது மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1305-06 வாக்கில் கட்டியது. அங்கிருக்கும் கல்வெட்டு ஊரின் பெயரைச் சடங்கன்பாடி என்கிறது. குலசேகரன்பட்டினம் என்று இன்னொரு பெயரும் உண்டு. அரசர் தன் பெயரை ஊருக்கு வைத்துப் பார்த்திருக்கிறார். ஊர் கண்டுகொள்ளவே இல்லை. நம் நகரங்களில் தலைவர்கள் பெயர் வைத்த ரோடுகளுக்கு நடப்பது அன்றைக்கே நடந்திருக்கிறது.

அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. அலை பாடியதோ இல்லையோ, சாப்பிட்டிருக்கிறது.

இனி டென்மார்க்குக்கு வருவோம். 1600களின் தொடக்கத்தில் அங்கே நான்காம் கிறிஸ்டியன் என்று ஒரு ராஜா. பதினோரு வயது நிறையும் முன்பே பட்டத்துக்கு வந்தவர். பிள்ளைகள் மட்டும் இருபதுக்கு மேல். இவர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிய ஒரு சம்பவம் போதும். பின்னாளில் 1644இல் ஒரு கடற்போரில் குண்டுச் சிதறல் பட்டு ஒரு கண் போனது. சதையிலிருந்து எடுத்த உலோகத் துண்டுகளை மனிதர் தூக்கிப் போடவில்லை. காதணியாகச் செய்து காதலிக்குக் கொடுத்தார். கோபன்ஹேகனில் ரோசன்போர்க் அரண்மனையில் அது இன்றும் இருக்கிறது. அந்த அம்மாள் அதைக் காதில் மாட்டியபோது என்ன நினைத்தாரோ.

இப்படிப்பட்ட ராஜாவுக்குப் பக்கத்து வீட்டு டச்சுக்காரன் மிளகு விற்றே மாடிமேல் மாடி கட்டுகிறான் என்றால் பொறுக்குமா? 1616இல் அவரும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்தார். கம்பெனி இருக்கிறது, லெட்டர்பேட் இருக்கிறது, ராஜ முத்திரை இருக்கிறது. போக ஒரு இடம்தான் இல்லை.

சரியாக அந்த நேரத்தில் கதவைத் தட்டினார் மார்செலிஸ் டி போஷவர். டச்சுக்காரர். இலங்கையில் கண்டி ராஜாவிடம் கொஞ்ச காலம் இருந்து, அங்கே இளவரசர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவர். தன்னைக் கண்டி ராஜாவின் தூதர் என்று சொல்லிக்கொண்டார். முதலில் சொந்த ஊர் டச்சுக் கம்பெனியிடம்தான் போயிருக்கிறார். நேற்றுவரை நம்மிடம் சம்பளம் வாங்கியவர் இன்று இளவரசர் மரியாதை எதிர்பார்த்தால் முதலாளிக்கு எப்படி இருக்கும்? வேலைக்கு ஆகவில்லை. அடுத்த இன்வெஸ்டர் டென்மார்க். போர்த்துக்கீசியனை விரட்ட உதவுங்கள், வியாபார உரிமை முழுக்க உங்களுக்கு, கப்பல் அனுப்பும் செலவைக்கூட கண்டி ராஜா கொடுத்துவிடுவார் என்று அவர் சொல்லச் சொல்ல, நான்காம் கிறிஸ்டியன் உருகிவிட்டார். வருமானம் உத்தரவாதம், முதலுக்கும் நாங்களே பொறுப்பு என்று யாராவது சொன்னால் ஓடிவிட வேண்டும் என்பதை நம் ஊர் ஈமு கோழிப் பண்ணைக்குப் பிறகுதான் நாம் கற்றுக்கொண்டோம். டென்மார்க் 1618இலேயே ஃபீஸ் கட்டியது.

கப்பல் படைக்குத் தலைமை ஓவே கியெட்டே. வயது 23. கியெட்டே என்றால் டேனிஷ் மொழியில் ஒரு மீனின் பெயர். ஆறு, ஏரிகளில் இருக்கும் நன்னீர் மீன். அதைத்தான் கடலுக்கு அனுப்பினார்கள்.

நவம்பரில் கிளம்பி ஆப்பிரிக்காவைச் சுற்றி இலங்கைக்கு வந்து சேர ஒன்றரை வருஷம். வழியில் ஆட்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். இறந்தவர்களில் போஷவரும் ஒருவர். ஏமாற்றியவன் அகப்பட்டால் நாலு வார்த்தை கேட்கலாம் என்கிற ஆறுதல்கூட கியெட்டேவுக்கு மிச்சமில்லை. கண்டியில் இறங்கி, உடன்படிக்கையை மரியாதையாக நீட்டினார். ராஜா செனரத் கைவிரித்துவிட்டார். இப்படியெல்லாம் வாக்குக் கொடுக்க அவருக்கு நான் அதிகாரமே தரவில்லையே!

ஒரு நிமிஷம் கியெட்டேவின் இடத்தில் நின்று பாருங்கள். ஒன்றரை வருஷப் பயணம், பாதி ஆட்கள் இல்லை, கொண்டுவந்த பேப்பருக்கு மதிப்பில்லை, கூட்டிவந்த புரோக்கர் கடலுக்கடியில். வெறுங்கையோடு திரும்பினால் ராஜாவிடம் என்ன சொல்வது? மனிதருக்கு அவசரமாக ஒரு ஊர் வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் சரி.

ஊர் தேடிக் கொடுத்தது இன்னொரு விபத்து. படைக்கு முன்னோட்டமாக ரோலண்ட் கிராப்பே என்பவரை ஒரு கப்பலில் அனுப்பியிருந்தார்கள். அவர் சும்மா இருக்காமல் போர்த்துக்கீசியக் கப்பல்களைச் சீண்டப் போய், 1619இல் காரைக்கால் பக்கத்தில் அவர்கள் இவர் கப்பலை ஒழித்துக்கட்டினார்கள். இரண்டு மாலுமிகளின் தலையைக் கடற்கரையில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள், மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக. கிராப்பே பதின்மூன்று பேரோடு கரையேறித் தப்பித்து, பிடிபட்டு, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் முன்னால் போய் நின்றார்.

கப்பல் இல்லை, சரக்கு இல்லை, துணிகூட நல்லதாக இருந்திருக்காது. ஆனாலும் அவர் அங்கே செய்தது பிசினஸ் மீட்டிங். எங்கள் ராஜா பெரிய ராஜா, எங்கள் படை பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்றார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் பின்னால் நிஜமாகவே ஒரு படை வந்துகொண்டிருந்தது. அதற்கும் போக இடமில்லை என்பதுதான் அப்போது இவருக்கும் தெரியாது.

ரகுநாத நாயக்கர் ஏமாளி இல்லை. தெலுங்கில் காவியம் எழுதியவர், இன்று நாம் பார்க்கும் 24 மெட்டு வீணைக்கு உருக்கொடுத்தவர் என்று சங்கீதக்காரர்கள் கொண்டாடுபவர். போர்த்துக்கீசியர்கள் ஒரு பக்கம் தொல்லை கொடுக்கிறார்கள், அவர்களுக்குப் போட்டியாக இன்னொரு பரங்கிக் கடை திறந்தால் நமக்கு நல்லதுதானே என்று கணக்குப் போட்டார். ஒரு நெட்வொர்க் ரேட்டை ஏற்றினால் நாம் சிம் மாற்றுகிறோமே, அதே ராஜதந்திரம். 1620 நவம்பரில் ஒப்பந்தம். டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளலாம். ஆண்டு வாடகை 3,111 ரூபாய். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் தமிழில் ஒரு கடிதமும் அனுப்பினார். அது இன்னும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இதையெல்லாம் நான் கோட்டை வாசலில் மாமாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வாடகையில் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு?"

"மூவாயிரத்து நூத்திப் பதினொண்ணு."

"மொய் எழுதின மாதிரில்ல இருக்கு?" என்றார் மாமா.

கோட்டைக்குப் பெயர் டான்ஸ்போர்க். இளம் மஞ்சள் பூச்சு, கடலைப் பார்த்து வரிசையாக பீரங்கிகள். அன்று காலை ஒரு பீரங்கியின் நிழலில் ஆடு ஒன்று படுத்திருந்தது. பக்கத்திலேயே ஒரு ஜோடி, கல்யாணத்துக்கு முந்தைய போட்டோஷூட்டாம். பெண் பீரங்கி மேல் சாய்ந்து ஏக்கமாகக் கடலைப் பார்க்க வேண்டும். ஆடு எழுந்திருக்க மாட்டேன் என்றது. போட்டோகிராபர் உஸ் உஸ் என்று விரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆட்டையும் சேர்த்தே எடுத்தார். டேனிஷ் கோட்டைகளில் க்ரோன்போர்க்குக்கு அடுத்தபடி பெரியது இதுதான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். க்ரோன்போர்க் என்றால் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் இருக்கலாமா போகலாமா என்று புலம்பிய இடம். அந்தக் கேள்விக்கு இங்கே தினப்படி அவசியம் இருந்தது.

ஏனென்றால் கம்பெனி ஓடவே இல்லை. டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஊர் திரும்பவில்லை. இந்த ரேட்டில் லாபம் பார்க்க மிளகு தங்கத்தில் காய்த்திருக்க வேண்டும். கோட்டையை டச்சுக்காரர்களிடமே தள்ளிவிட ஒருமுறை முயன்றார்கள், 1640இல் இரண்டாம் முறை முயன்றார்கள். வாங்க ஆளில்லை.

இடத்தை விற்க முடியாதவன் அடுத்து என்ன செய்வான்? பக்கத்து வீட்டுக்காரனிடம் சண்டைக்குப் போவான். 1642இல் தரங்கம்பாடி டேனிஷ் கவர்னர் பெசார்ட், முகலாயப் பேரரசின் மீது போர் அறிவித்தார்.

திரும்பப் படிக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தீர்கள். ஒரு பக்கம் ஷாஜகான். காபூலிலிருந்து வங்காளம் வரை ராஜ்யம், யானை, குதிரை, மயிலாசனம், பக்கத்திலே தாஜ் மஹால் எழும்பிக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் தரங்கம்பாடி. மெயின் ரோட்டில் ஒரு ஹாரன் அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். வங்காளக் கடலில் தங்கள் கப்பல்கள் போனதற்கு நஷ்ட ஈடு கிடைக்கவில்லை என்று கோபம். இந்தச் செய்தி ஷாஜகானை எட்டியபோது டென்மார்க் எங்கே இருக்கிறது என்று காட்ட அவர் சபையில் யாராவது இருந்தார்களா?

ஆனால் கூத்து என்னவென்றால் இந்தப் போரில் காசு வந்தது. வங்காள விரிகுடாவில் போகிற முகலாயக் கப்பலைப் பிடிப்பது, சரக்கைத் தரங்கம்பாடியில் விற்பது. சில மாதங்களிலேயே சக்ரவர்த்தியின் கப்பல் ஒன்றைப் பிடித்து, அதற்கு 'வங்காளப் பரிசு' என்று பெயர் சூட்டித் தங்கள் படையிலேயே சேர்த்துக்கொண்டார்கள். இதற்குத் தமிழில் கொள்ளை என்று பெயர். போர் என்று அறிவித்துவிட்டால் அதே வேலைக்கு கௌரவம் வந்துவிடுகிறது. இந்தப் போர் முறைப்படி முடிந்தது 1698இல். ஷாஜகான் போய், ஔரங்கசீப்பே கிழவராகிவிட்டிருந்தார்.

பெசார்டை மாற்ற லேயல் என்று ஒருவரை 1639இல் அனுப்பினார்கள். அவர் வந்து சேர்ந்தது 1643. பழைய கவர்னர் சாவியைக் கொடுக்க மறுத்தார், புதியவர் விடவில்லை, ஒரு நாள் பழையவர் ஓடிப்போனார். கஜானாவைத் திறந்து பார்த்தால் காலி. நம் ஊர் சங்கத் தேர்தல்கள் நடக்கிற விதம்தான், சட்டை மட்டும் வேறு. லேயலையும் சொந்த ஆட்களே கலகம் செய்து இறக்கினார்கள். அதற்குள் அங்கே நான்காம் கிறிஸ்டியன் காலமானார். 1650இல் கம்பெனியை மூடிவிட்டார்கள்.

மூடினார்கள் சரி. அதைத் தரங்கம்பாடிக்கு யாராவது சொன்னார்களா என்றால், சொல்லக் கப்பல் வேண்டுமே. லேயலின் கப்பலுக்குப் பிறகு 29 வருஷத்துக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் இந்தப் பக்கம் கிளம்பவில்லை.

இங்கேதான் என்னுடைய ஹீரோ வருகிறார். ஊரில் கியெட்டே பெயர் சொல்கிறார்கள், நாயக்கர் பெயர் சொல்கிறார்கள், இவர் பெயரை நானும் சிரமப்பட்டுத்தான் வாயில் நுழைத்தேன். எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே. பிரபு இல்லை, அதிகாரி இல்லை, சாதாரண ஆள். கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் காய்ச்சலில் போனார்கள், குடித்துப் போனார்கள், சொல்லாமல் போனார்கள். 1655இல் எண்ணிப் பார்த்தபோது மிச்சம் இருந்தது இவர் ஒருவர்தான்.

ஒரே ஒருவர். டென்மார்க்கின் கிழக்கிந்திய சாம்ராஜ்யம் முழுவதும் ஒரு செருப்பு ஜோடிக்குள் அடங்கிவிட்டது. கவர்னர் அவர், தளபதி அவர், கணக்குப்பிள்ளை அவர். காலையில் கொடியை ஏற்றியவரும் சல்யூட் அடித்தவரும் ஒரே ஆளாக இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஹெட் ஆபீஸிலிருந்து பதில் இல்லை. ஹெட் ஆபீஸே இல்லை.

உங்களையும் என்னையும் அங்கே விட்டிருந்தால் கொடியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, மாயவரத்தில் ஒரு கடை போட்டிருப்போம். இவர் போடவில்லை. வாடகை பாக்கி என்று தஞ்சாவூர் நாயக்கர் படை வந்து கோட்டையை முற்றுகையிடுகிறது. இவர் உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தாக்குப் பிடிக்கிறார். படை போகிறது, திரும்ப வருகிறது. பாக்கியைக் கட்டக் கையில் காசில்லை. அதனால் ஒத்தை ஆளாக முகலாயப் போரைத் தொடர்ந்து நடத்துகிறார்! கடலில் கப்பலைப் பிடிப்பார், சரக்கை விற்பார், வந்த காசில் கோட்டையை ரிப்பேர் செய்வார். அதிலேயே மிச்சம் பிடித்து ஊரைச் சுற்றி மதில் கட்டினார். மதில் எழும்பியதும் நாயக்கரும் சமாதானத்துக்கு வந்தார். வாடகை கேட்டு வந்தவனை வெளியே நிறுத்த, வாடகை கட்ட வேண்டிய காசில் சுவர் கட்டிய குடித்தனக்காரர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

நடுநடுவே, அந்தப் பக்கம் போகிற அயல்நாட்டுக் கப்பல்களிடம் டென்மார்க்குக்குக் கடிதம் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் இருக்கிறேன், கோட்டை இருக்கிறது, ஆள் அனுப்புங்கள். ப்ளூ டிக் விழ 14 வருஷம் ஆனது. 1669 மே மாதம் ஃபேரோ என்ற கப்பல் வந்தது. காப்டன் கையில் அரசாங்கக் கடிதம். கோட்டையை இத்தனை காலம் காப்பாற்றிய உம்மையே அதன் தலைவராக முறைப்படி நியமிக்கிறோம்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்! அரியர்ஸ் பற்றி அதில் ஏதாவது இருந்ததா என்று மாமா கேட்டார். அவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், அந்தக் கவலை அவருக்குத்தான் வரும். கொங்ஸ்பாக்கே ஊர் திரும்பவும் இல்லை. ஆர்டரை வாங்கிக்கொண்டு இங்கேயே இருந்து, 1674இல் இங்கேயே செத்துப் போனார்.

கோட்டையைவிட்டு ராஜா வீதியில் நடந்தால் வலது இடது பக்கமெல்லாம் பாதிரிமார் சரித்திரம். அதில் பெரிய பெயர் சீகன்பால்கு. ஜெர்மானியர், 23 வயதுப் பையன். அவரையும் தோழர் புளூட்சோவையும் முதலில் வெஸ்ட் இண்டீஸுக்கு அனுப்புவதாகப் பேச்சு, பிறகு ஆப்பிரிக்காவில் கினி என்றார்கள், கடைசியில் தரங்கம்பாடி என்று ஆனது. பார்த்தீர்களா, இவரும் நம் கட்சி. 1706 ஜூலை 9இல் வந்து இறங்கினார்கள். அனுப்பியது டென்மார்க் ராஜா. ஆனால் அதே ராஜாவின் கவர்னர் ஹாசியஸுக்கு இவர்களைக் கண்டாலே ஆகவில்லை. மேலிடத்து ரெகமண்டேஷனில் வருகிறவர்களைக் கிளை மேனேஜர் எப்படிப் பார்ப்பார் என்பது எல்லா ஆபீஸிலும் தெரிந்ததே.

சீகன்பால்கு தமிழ் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் ஆனா ஆவன்னா எழுதி. நீள அங்கி போட்ட ஐரோப்பியர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துப் பையனுடைய 'ழ'வை எட்டிப் பார்த்துக் காப்பியடிக்கும் காட்சியை யாராவது வரைந்து வைத்திருந்தால் மியூசியத்தில் நான் அதன் முன்னாலேயே நின்றிருப்பேன். அப்புறம் ஒரு நாவிதரின் விதவைக்காக ஒரு கடன் வழக்கில் வாய் திறந்தார். கவர்னர் காத்திருந்த வாய்ப்பு. நாலு மாசம் ஜெயில். எந்த ராஜா அனுப்பினாரோ அதே ராஜாவின் கோட்டையில்.

இவர் கதையில் எனக்குப் பிடித்தது சீஸ். தமிழில் புதிய ஏற்பாடு அச்சடிக்க வேண்டும். அச்சு இயந்திரத்தை லண்டன்காரர்கள் அனுப்பினார்கள். அந்தக் கப்பலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், பணம் கொடுத்து மீட்டது தனிக் கதை. தமிழ் எழுத்துக்களை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் கடை போர்டு சைஸ். இந்த அளவில் அடித்தால் பேப்பர் பத்தாது. சின்னதாக வார்க்க ஈயம் வேண்டும், ஈயத்துக்கு எங்கே போவது? லண்டன்காரர்கள் பாதிரிமார் சாப்பிட செஷயர் சீஸ் அனுப்பியிருந்தார்கள். டப்பாக்களின் மூடி ஈயம். சீஸைச் சாப்பிட்டார்கள், மூடியை உருக்கினார்கள், கானா ஙாவன்னா வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் வந்துவிட்டது. தமிழ் அச்சுக்கலையின் ஒரு அத்தியாயத்துக்குச் சீஸ் மூடி உதவியிருக்கிறது. நாம்தான் பீட்சாவோடு நிறுத்திவிட்டோம்.

இன்னொன்று. இந்த ஊர்ச் சாமிகளைப் பற்றி விசாரித்து விசாரித்து 1713இல் ஒரு புத்தகம் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் ஃப்ராங்கேவுக்குக் கோபம். அந்த மதத்தை ஒழிக்கத்தானே உன்னை அனுப்பினோம், அதை இங்கே வந்து பரப்பவா? அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். 1867இல் மெட்ராஸில்தான் அச்சானது. சீகன்பால்கு 1719இலேயே போய்விட்டார், 36 வயதில். அவர் கட்டிய புதிய எருசலேம் கோயிலில்தான் அடக்கம்.

வெயில் ஏறிவிட்டது. கடற்கரையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். மாமா கண்ணை மூடி இழுத்து இழுத்து மூச்சு விட்டார். தரங்கம்பாடியில் ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்று கல்யாணத்துக்கு வந்த மூன்று பேராவது சொல்லியனுப்பியிருந்தார்கள். ஓசோன் இருக்க வேண்டிய இடம் வானத்தில் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு மேலே. தரையில் அது அதிகமானால் நுரையீரல் எரியும். கடற்கரை வாசனை பெரும்பாலும் கடல் பாசியிலிருந்து வரும் கந்தக வாயு. அதற்கு ஓசோன் என்று பெயர் வைத்துச் சீமைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் உல்லாச விடுதிகளுக்கு ஆள் பிடித்தார்கள், அந்த விளம்பரம்தான் இன்னும் ஓடுகிறது. இதை விளக்கமாகச் சொன்னேன். "எதுவா இருந்தா என்ன, மண்டபத்துப் புகைக்கு இது தேவலாம்" என்று மாமா இன்னொரு மூச்சு இழுத்தார்.

"கடைசில என்னதான் ஆச்சு இவங்களுக்கு?"

வித்துட்டாங்க என்றேன். 1845இல் ஆங்கிலேயக் கம்பெனிக்கு. கல்கத்தா பக்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். முதல்முறை விற்க முயன்று இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது, ஆள் கிடைத்ததே பெரிது. வாங்கியவர்களுக்கும் இந்த ஊரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. துறைமுக வியாபாரமும் ரயிலும் நாகப்பட்டினத்துக்குப் போயின. பின்னாளில் மாயவரத்திலிருந்து இங்கே ஒரு ரயில் விட்டார்கள், அதையும் 1980களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது டென்மார்க்கிலிருந்து சங்கம் வைத்துப் பணம் திரட்டி வந்து, கோட்டைக்குப் பூச்சு வேலை செய்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். விற்ற வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிற மனிதர்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மாமா டீ கிளாஸை மணலில் அழுத்தி வைத்தார். அலை ஒன்று வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனது.

"அந்த மூவாயிரத்து நூத்திப் பதினொண்ணு, வருஷா வருஷம் ஒழுங்கா வந்துதா?"

"எங்கே மாமா. பாதி நாள் பாக்கிதான். அதுக்குத்தானே சண்டையே."

"அதானே பார்த்தேன்." அத்தையிடமிருந்து நாலாவது போன் வந்துகொண்டிருந்தது. அதை எடுக்காமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு யோசித்தார். "மொய்யின்னா திருப்பிச் செய்யணும் மாப்ள. நாயக்கர் டென்மார்க் ராஜா வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தா அவனும் ஒழுங்கா எழுதியிருப்பான். வெறும் தங்கத் தகட்டை அனுப்பி வச்சா?"

மண்டபத்துக்குத் திரும்பியபோது முதல் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா நேரே மொய் மேஜைக்குப் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யார் யார் வரவில்லை என்று பார்க்க ஆரம்பித்தார்.